உங்கள் முன்பணம் எந்த வலைக்கு?

பாட்டன் காலத்து வலையும் பாய்மரமும் போதும் என்று நாம் சொல்ல வரவில்லை, சகோதரர்களே. வள்ளத்தில் இன்ஜின் பூட்டுங்கள், வழிகாட்ட ஜி.பி.எஸ். வையுங்கள், மீன் கெடாமலிருக்க ஐஸ் பெட்டி கொண்டு போங்கள். இதனால் கடலுக்கு என்ன கேடு? ஆனால் அடிமண்ணை வாரியெடுக்கும் இழுவை மடியையும் இவற்றையும் ஒன்றாகச் சேர்த்து 'நவீனம்' என்கிறார்களே, அதைத்தான் கேட்கிறோம்.

பாக் விரிகுடாவின் பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழம்தான். இறாலும் மீனும் குஞ்சு வளர்க்கும் கடற்புல் அங்கே தரையில் கிடக்கிறது. மடி அதை உழுதுகொண்டு போகிறது. வளர்ந்தால் நல்ல விலை போகவேண்டிய குஞ்சுகள் 'சங்காயம்' என்ற பெயரில் கோழித் தீவனத்துக்குப் போகின்றன. கரையிலிருந்து 3 கடல் மைல் நாட்டுப்படகுக்கே என்கிறது தமிழக அரசின் 1983ஆம் ஆண்டுச் சட்டம். ரெட்டைமடிக்கும் தடை உண்டு. ஏட்டில்!

தொண்டியிலும் நம்புதாளையிலும் நாட்டுப்படகு ஓட்டுபவர்களில் நம் மக்களும் உண்டு. அக்கரையில் எருக்கலம்பிட்டி முஸ்லிம்கள் 1990இல் விரட்டப்பட்டார்கள்; போர் ஓய்ந்தபின் திரும்பி வந்தவர்களுக்கும் பிழைப்பு கடல்தான். அன்று அவர்களுக்காகக் கண்ணீர் விட்டோம். இன்று அவர்கள் கடலில் உழும் இழுவைப்படகில் நம் வியாபாரியின் பணமும் இருந்தால், அந்தக் கண்ணீருக்கு என்ன பொருள்?

ஆழ்கடலுக்கு மாற 2017இல் 1,600 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. 2,000 இழுவைப்படகுகளை மாற்றுவதாகச் சொன்னார்கள். அந்த இலக்கை நெருங்கவே இல்லை. அரசைக் கேட்கவேண்டியதைக் கேட்போம். ஆனால் மீன் வியாபாரத்தில் அரசைவிட முன்பணம் தருபவரின் சொல்லுக்கு மதிப்பு அதிகம் என்பது கரையில் எல்லோருக்கும் தெரியும்.

கொடுக்கும் முன்பணத்தில் வட்டி கலக்கிறதா என்று ஆலிமிடம் கேட்கிறீர்கள். மிக நல்லது. அது எந்த வலைக்குப் போகிறது என்று யாரிடமாவது கேட்டீர்களா? மனிதக் கரங்களின் செயலால் தரையில் மட்டுமல்ல, கடலிலும் சீர்கேடு தோன்றுவதைத் திருக்குர்ஆன் 30:41 வசனம் பேசுகிறது. அதைப் பயானில் கேட்டுவிட்டு நேராக ஏலக்கூடத்துக்குத்தானே போகிறோம்?

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14இல் முடிகிறது. அதற்குமுன் படகைச் சீர்செய்யப் பணம் கேட்டு வருவார்கள். தூண்டிலுக்கும் செவுள் வலைக்கும் ஐஸ் பெட்டிக்கும் தாராளமாகக் கொடுங்கள். ரெட்டைமடிக்குக் கேட்டால் இல்லையென்று சொல்லுங்கள். சங்காயத்தை ஏலம் எடுக்காதீர்கள். இளைஞர்களே, வாப்பா கடையின் கணக்கு நோட்டை இந்த வாரமே ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.