கௌபாய் கையில் இருக்கும் அந்தத் துப்பாக்கி!

டெக்ஸ் வில்லர் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இதை அறிமுகப்படுத்தவே தேவையில்லை. விசையைச் சுற்றி ஒரு வளையம். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ரெடி. இதுதான் லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள்.

அந்த ஒரே அசைவில் சுட்ட தோட்டாவின் காலிக்கூடு வெளியே விழும். குழலுக்கு அடியில் உள்ள நீளமான குழாயிலிருந்து புதுத் தோட்டா மேலேறி உள்ளே போய் உட்காரும்.

1860-ல் அமெரிக்காவின் பெஞ்சமின் டைலர் ஹென்றி இதற்குக் காப்புரிமை வாங்கினார். அப்போது பெரும்பாலான ராணுவ வீரர்கள் ஒவ்வொரு முறையும் மருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியே போட்டு, கம்பியால் இடித்துத்தான் சுட்டார்கள். நல்ல பயிற்சி இருந்தாலும் நிமிடத்துக்கு மூன்று குண்டுதான். ஹென்றியின் குழாயிலோ 16 தோட்டாக்கள்!

பின்னாளில் வந்த வின்செஸ்டர் 1873 இன்னும் வசதி. பக்கவாட்டில் எதுவும் துருத்தாது என்பதால் குதிரைச் சேணத்தில் சட்டென்று செருகலாம். இடக்கைக்காரர்களும் சிரமமில்லாமல் சுடலாம். சில ஆண்டுகளில் அதே தோட்டாவில் ரிவால்வரும் வந்ததால், இரண்டுக்கும் ஒரே தோட்டா போதும்.

குறையே இல்லையா? உண்டு. படுத்துக்கொண்டு சுட்டால் லீவர் தரையில் இடிக்கும். குழாய்க்குள் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால் கூர்முனைக் குண்டு ஆபத்து. முன்னால் இருப்பதன் பின்பக்கத்தைக் குத்தி வெடிக்க வைக்கலாம். அதனால் மொட்டை முனைதான். அது தூரம் போகப் போக வேகம் இழக்கும். தொலைதூரச் சூட்டை விரும்பிய அமெரிக்க ராணுவம், ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியையே தேர்ந்தெடுத்தது.

1876 ஜூன் 25, மொன்டானாவின் லிட்டில் பிக்ஹார்ன். கஸ்டரின் வீரர்களிடம் அந்த ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. எதிரே எண்ணிக்கையில் அதிகமாக நின்ற லகோட்டா, செயென் பழங்குடியினர் சிலரிடம் ஹென்றியும் வின்செஸ்டரும். கஸ்டரும் அவருடன் நின்ற 200-க்கும் மேற்பட்டவர்களும் இறந்தார்கள். 1983-ல் புல்வெளி தீப்பிடித்து எரிந்த பிறகு நடந்த அகழாய்வில், அந்த ரைஃபிள்களின் காலிக்கூடுகள் மண்ணிலிருந்து கிடைத்தன.

'மேற்கை வென்ற துப்பாக்கி' என்று வின்செஸ்டரை விளம்பரம் செய்தார்கள். யாரிடமிருந்து வென்றது?

1868 ஒப்பந்தத்தில் லகோட்டாக்களுக்கு என்று எழுதிக்கொடுத்த பிளாக் ஹில்ஸ் மலையை, அந்தப் போருக்கு அடுத்த ஆண்டே அமெரிக்க அரசு பறித்துக்கொண்டது. அதற்கு இழப்பீடு தர வேண்டும் என்று 1980-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லகோட்டாக்கள் அந்தப் பணத்தைத் தொடவில்லை. அவர்கள் கேட்பது மலையை!