ஓசூரில் வாடகைக்கு வீடு பார்க்கிறீர்களா? தண்ணீரோடு சத்தத்தையும் விசாரியுங்கள்!

ஓசூரில் வீடு தேடுபவர்கள் தவறாமல் கேட்கும் கேள்விகள் சில உண்டு. ஒகேனக்கல் தண்ணீர் வருமா, போர் தண்ணீரா? பைக் நிறுத்த இடம் இருக்கிறதா? அட்வான்ஸ் எத்தனை மாதம்? சத்தத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. சாமான் இறக்கி, பால் காய்ச்சி, ஒரு வாரம் போன பிறகுதான் பக்கத்துப் பட்டறையின் பவர் பிரஸ் சத்தம் உறைக்கும். அதற்குள் அட்வான்ஸ் கைமாறியிருக்கும். பிள்ளைக்குப் பள்ளியில் ஃபீஸும் கட்டியிருப்பீர்கள்.

உங்கள் வீட்டில் யார், எப்போது தூங்குகிறார்கள்?

மத்திய அரசின் ஒலி மாசு விதிகள், 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் வரை சத்தம் இருக்கலாம். காலை 6 மணி முதல் இரவு 10 வரை பகல்; மீதி நேரம் இரவு. 10 டெசிபல்தானே வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது. நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும்.

ஊரே இரவில் தூங்கும் என்ற கணக்கில் எழுதப்பட்ட விதி இது. ஓசூரோ ஷிஃப்ட் ஊர். நைட் ஷிஃப்ட் முடித்து காலை 7 மணிக்கு வீடு திரும்புபவர், 8 மணிக்குப் படுத்து மதியம் வரை தூங்கியாக வேண்டும். அவருக்குப் பகல்தான் ராத்திரி. ஆனால், சட்டப்படி அப்போது பகல் வரம்புதான். நிம்மதியான தூக்கத்துக்குப் படுக்கையறைக்குள் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 1999-ம் ஆண்டு வழிகாட்டுதல்.

அதனால், புரோக்கர் கூப்பிடும் நேரத்தில் போய்ப் பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். வீட்டில் நைட் ஷிஃப்ட் ஆள் இருந்தால் காலை 10 மணிக்கும் ஒருமுறை போங்கள். கைக்குழந்தை இருந்தால் மதியம். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் இரவு 9 மணி.

நான்கு முறை போய்ப் பாருங்கள்

* அதிகாலை 5 - 6.30: கம்பெனி பஸ்கள் ஆள் ஏற்றும் நேரம். பஸ் நிற்கும் இடம் உங்கள் ஜன்னலுக்குக் கீழேயா, தெருமுனையிலா என்பது அப்போதுதான் தெரியும்.

* இரவு 11 மணி: பெங்களூரு - கிருஷ்ணகிரி தேசிய நெடுஞ்சாலையில் லாரிகள் இரவிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பக்கத்தில் வேகத்தடை, சிக்னல், மேம்பால ஏற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். சீராக ஓடும் வண்டியைவிட, பிரேக் அடித்து மறுபடி கியர் மாற்றும் வண்டிதான் தூக்கத்தைக் கலைக்கும். பெங்களூரு - சேலம் ரயில் பாதைக்குப் பக்கத்து வீடு என்றால் லெவல் கிராசிங் எவ்வளவு தூரம் என்று விசாரியுங்கள். அங்கே ஹார்ன் அடித்துத்தான் ரயில் கடக்கும்.

* ஞாயிற்றுக்கிழமை: பட்டறைகளுக்கு லீவு. அன்று மட்டும் பார்த்துவிட்டு ‘அமைதியான ஏரியா’ என்று அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். மண்டபம், மைக் செட் சத்தத்தை அறியத்தான் இந்த நாள்.

* மின்தடை நாள்: மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கும் நாளில் போனால், எத்தனை ஜெனரேட்டர்கள் ஓடுகின்றன, எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பது தெரிந்துவிடும்.

மதியம் கேட்காதது மார்கழியில் கேட்கும்

‘ஹைவே ஒரு கிலோமீட்டர் தள்ளித்தான் சார் இருக்கு’ என்பார்கள். மதியம் பார்த்தால் உண்மையாகவே ஒன்றும் கேட்காது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் குளிர்கால இரவுகள் நன்றாகவே குளிரும். காற்று அடங்கிய இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ள காற்று சூடாக இருக்கும். அப்போது மேலே போக வேண்டிய ஒலி வளைந்து தரைக்கே திரும்புகிறது. பகலில் கேட்காத லாரி ஹார்ன் இரவில் தெளிவாகக் கேட்பது இதனால்தான். வெயில் காலத்தில் வீடு பார்ப்பவர்கள், ‘டிசம்பர், ஜனவரியில் எப்படி இருக்கும்?’ என்று அக்கம்பக்கத்தில் கேட்டுவிடுவது நல்லது.

உள்ளே போனதும் பேச்சை நிறுத்துங்கள்

படுக்கையறையில் ஜன்னல்களைச் சாத்திவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். கதவைச் சாத்தினால் ஹார்ன், பேச்சுச் சத்தம் குறையும். ஜெனரேட்டர், கம்ப்ரஸரின் ‘ம்ம்ம்’ என்ற அடிக்குரல் அவ்வளவாகக் குறையாது. அது உள்ளே கேட்டால், திரைச்சீலை போட்டுச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் பலிக்காது.

மேல் மாடி என்றால் அமைதி என்பதும் நிச்சயமில்லை. காம்பவுண்ட் சுவர் தரைத்தளத்துக்குத் தரும் மறைப்பு, மேலே போகப் போகக் கிடைக்காது. சாலைக்கு எதிர்ப்பக்கம் படுக்கையறை உள்ள வீடு கிடைத்தால் விடாதீர்கள். செல்போன் ஆப் காட்டும் டெசிபல் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே போனில் இரண்டு வீடுகளை ஒப்பிட மட்டும் அது உதவும்.

தெருமுனை டீக்கடை, இஸ்திரிக் கடை, ராத்திரி வாட்ச்மேன் மூவரிடமும் பேசுங்கள். முன்பு குடியிருந்தவர் ஏன் காலி செய்தார் என்ற கேள்விக்கு ஹவுஸ் ஓனரைவிட அவர்களிடம் நேரான பதில் கிடைக்கும்.

புகார் செய்தால் தீருமா?

இடத்தைப் பொறுத்தது. தொழிற்பகுதி என வகைப்படுத்தப்பட்ட இடத்தில் பகலில் 75, இரவில் 70 டெசிபல் வரை அனுமதி உண்டு. சிப்காட்டை ஒட்டிய மூக்கண்டப்பள்ளி, பேகேப்பள்ளி போன்ற பகுதிகளில் வீடு பார்ப்பவர்கள், முக்கியமாக மனை வாங்குபவர்கள், அந்த சர்வே எண் குடியிருப்புப் பகுதியா, தொழிற்பகுதியா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் விதிப்படி புகார் தரலாம். தொழிற்சாலைச் சத்தத்துக்கு ஓசூரிலேயே உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம், ஒலிபெருக்கிக்குக் காவல்துறை. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாள்கள், இரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம்.

ஆனால், புகார், ஆய்வு, நோட்டீஸ் என்று நாள்கள் ஓடும். அதுவரை தூக்கம் கெடுவது நமக்குத்தான். எனவே, வாடகை ஒப்பந்தத்தில் ‘ஒரு மாத நோட்டீஸில் காலி செய்யலாம், அட்வான்ஸ் முழுதாகத் திரும்பும்’ என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

குடி போன பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பக்கத்து வீட்டில், மாடியில் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தமிழோ, தெலுங்கோ, கன்னடமோ, எதில் கேட்டாலும் சரி. சுவரில் டிரில் போட, கட்டில் நகர்த்த எந்த நேரம் தோது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.