வெட்டிய வரியும் வெட்டிய பாட்டும்

வாளைக் கண்டு அஞ்சாத ஆட்சியாளர் உண்டு. பாட்டைக் கண்டு அஞ்சாதவர் அரிது! கேட்போர் சிந்தையைப் பாட்டு கிளறிவிடும் என்பது ஆள்வோருக்குத் தெரியும். அதனால்தான் கத்தரியைத் தேடுகிறார்கள்.

2026 ஜூலை 4, அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் 250ஆம் ஆண்டு நாள். வாணவேடிக்கைக்கும் அணிவகுப்புக்கும் உரிய நாள்தான். ஆனால் அந்த நாளின் பெருமை பேசுவோர், '1776' என்ற படத்தையும், அதன்மீது பாய்ந்த கத்தரியையும் சேர்த்தே பேசவேண்டும் என்கிறோம் நாம்.

வரலாற்று ஆசிரியராக இருந்தவர் ஷெர்மன் எட்வர்ட்ஸ். அவர் பாட்டும் இசையும் அமைக்க, பீட்டர் ஸ்டோன் உரையாடல் தீட்ட, 1969-ல் நியூயார்க் பிராட்வே மேடையேறியது அந்த இசை நாடகம். 1,217 முறை நடந்தது! மூன்றாம் ஜார்ஜ் மன்னனின் பிடியிலிருந்து விலகுவதா, வேண்டாமா என்று பிலடெல்பியாவில் கூடிய பிரதிநிதிகள் வாதாடுவதே கதை. போர்க்களம் அல்ல, சொற்களம்!

அதிலே ஒரு பாட்டு. பிரிவினை வேண்டாம் என்ற சீமான்கள் கைகோத்து, ஒய்யாரமாக நடனமாடிப் பாடுகிறார்கள். நிலபுலனுக்கு ஊறு வரலாகாதாம். பணப்பெட்டிக்குப் பழுது வரலாகாதாம். ஆகவே அவசரம் ஆகாதாம். அடி எடுத்து வைத்தாலும் வலப்பக்கமே வைக்க வேண்டுமாம்!

1970 பிப்ரவரி 22, வாஷிங்டனின் பிறந்தநாள். வெள்ளை மாளிகையிலே, குடியரசுத் தலைவர் நிக்சன் முன்னிலையில் நாடகம். சில பாடல்களை விட்டுவிடலாகாதா என்று முன்கூட்டியே கேட்டுப் பார்த்தார்கள். நாடகக்காரர்கள் இணங்கவில்லை. முழு நாடகமும் நடந்தது. மேடைக்கு முதுகெலும்பு இருந்தது!

திரைக்கு இருந்ததா? 1972-ல் படம் வந்தது. மேடையில் இயக்கிய பீட்டர் ஹண்ட்தான் படத்துக்கும் இயக்குநர். ஆனால் பட முதலாளி ஜாக் வார்னர், நிக்சனின் நண்பர். படமாக்கி முடித்திருந்த அந்தச் சீமான்கள் பாட்டை வார்னர் வெட்டி எறிந்தார். நிக்சன் கேட்டுக்கொண்டதால்தான் வெட்டினார் என்று, இயக்குநர் ஹண்டே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார்.

ஏறத்தாழ 200 ஆண்டுக்கு முந்திய சீமான்களைக் கிண்டல் செய்தால், 1972-ல் ஆள்வோருக்கு ஏன் உறுத்த வேண்டும்? கண்ணாடியிலே தெரிந்தது யார் முகம்?

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்றுண்டு, தோழர்களே! அந்தப் படத்தின் உச்சகட்டமே ஒரு வெட்டுத்தான். பிரகடனத்தின் நகலை எழுதிய ஜெபர்சன், அடிமை வாணிபத்தைக் கொடுமை என்று கண்டித்து, பழியை மன்னன்மீது சுமத்தி ஒரு பகுதி எழுதியிருந்தார். தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் எதிர்த்தன. வடக்கு யோக்கியமா? படத்திலே தென் கரோலினாவின் ரட்லெஜ் எழுந்து பாடுகிறார்: பாஸ்டன் வணிகரின் கப்பல்களும் அடிமைகளை ஏற்றித்தானே பணம் குவித்தன என்று கேட்கிறார். கேட்டவர் நியாயவான் அல்ல. ஆனால் கேள்வியிலே உண்மை இருந்தது. எல்லாக் கைகளும் ஒன்றாக உயர வேண்டும் என்பதற்காக அந்தப் பகுதி அடிக்கப்பட்டது.

ஒற்றுமை கிடைத்தது. விலை கொடுத்தவர் யார்? அந்த மண்டபத்திலே இருக்கை இல்லாத, வாக்கு இல்லாத, ஏறத்தாழ 5 லட்சம் கருப்பு மக்கள்! மனிதர் அனைவரும் சமம் என்று முழங்கிய ஏட்டிலே, அவர்களுக்கு ஒரு வரிக்குக்கூட இடமில்லை.

படமும் குற்றமற்றதல்ல. என் அடிமைகளை விடுவிக்க முடிவு செய்துவிட்டேன் என்று திரையிலே ஜெபர்சன் சொல்கிறார். வரலாறு சொல்வது வேறு. வாழ்நாளில் 600-க்கு மேற்பட்டவர்களை அடிமையாக வைத்திருந்தவர் அவர். விடுவித்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத்தான். மேதையின் மாடத்துக்குப் படம் சுண்ணாம்பு பூசியிருக்கிறது. பூச்சுக்குக் கீழே இருக்கும் சுவரையும் நாம் பார்க்க வேண்டும்.

பாட்டை வெட்டினார்கள். படச்சுருள் அழியவில்லை. 2002-ல் வெளிவந்த வட்டிலே அந்தப் பாட்டு மீண்டும் இடம்பெற்றது. நிக்சனோ, 1974 ஆகஸ்டில் பதவி துறந்து வெளியேறினார். வெட்டுண்ட பாட்டு திரும்பி வந்தது; ஆட்சிப்பீடம் அவருக்குத் திரும்பவே இல்லை!

வரியை வெட்டினார்கள். அது எளிதில் திரும்பவில்லை. 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர். 6 லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பிறகே, 1865-ல், 13ஆம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. பேனா முனையால் முடிக்க வேண்டியதைப் பிணக்குவியலால் முடித்தார்கள், 89 ஆண்டு கழித்து!

ஆகவே தோழர்களே, பிரகடனத்தைப் படியுங்கள், படத்தையும் பாருங்கள். ஆனால் ஏட்டிலே இருப்பதைப் படித்ததும், திரையிலே வருவதைப் பார்த்ததும் அமைதி அடைந்துவிடாதீர்கள். இங்கே எது இல்லை? எடுத்தவர் யார்? யார் வசதிக்காக எடுத்தார்? இந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். கத்தரி பிடித்த கரங்கள் நடுங்குவது, இந்தக் கேள்விகளைக் கேட்கும்போதுதான்!