கலை கடினமாக இருக்கட்டும், படிக்கட்டு எதற்கு?



கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஓவியக் கூடங்களில் சக்கர நாற்காலி போக வழி வேண்டும், தமிழில் விளக்கம் வேண்டும் என்று போன வாரம் நாலு வரி எழுதியிருந்தேன். நம் பிள்ளை ஒருவன் (பெயர் வேண்டாம், எட்டாம் வகுப்பில் முன் பெஞ்சு) கீழே எழுதுகிறான்: "டீச்சர், ஸ்ரீமதுரையில ராத்திரி யானை வருது, பகல்ல பஸ் வரல. இதுல மாடர்ன் ஆர்ட் பார்க்க சாய்தளம் ஒண்ணுதான் குறைச்சலா?" நிறையப் பேர் சிரித்திருந்தீர்கள். நல்ல நகைச்சுவைதான், நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு எண்ணம் ஒளிந்திருக்கிறது: படம் பார்ப்பது பிரச்சினை எல்லாம் தீர்ந்தவர்களுக்கு, நமக்கில்லை. இதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நம் மலையிலிருந்தே தொடங்குகிறேன். கோத்தகிரிப் பக்கம் ஆலு குறும்பர்கள் வரையும் ஓவியங்களைப் பற்றி உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தேன் எடுப்பது, விதைப்பது, சாமி கும்பிடுவது எல்லாம் அதில் இருக்கும். வேங்கை மரத்துப் பிசினில் நிறம் எடுப்பார்கள். வெள்ளரிக்கொம்பைப் பக்கத்துப் பாறையில் அவர்கள் முன்னோர் தீட்டியதாகச் சொல்லும் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. இன்று அந்தக் கை வரைந்தது தாளில் ஏறி, சட்டம் போட்டு, நகரத்துச் சுவருக்குப் போகிறது. சந்தோஷம். ஆனால் அந்தப் படத்தை வரைந்தவரின் அம்மா ஒரு நாள் அந்தக் கூடத்தின் வாசலில் போய் நின்றால் என்ன நடக்கும்?

எனக்குத் தெரியும். ஒரு நகரத்துக் கூடத்துக்கு நானும் என் அக்காவும், கூட வந்த ஒரு பெரியவரும் போனோம். அவர் வேட்டியும் தோளில் துண்டுமாக வந்திருந்தார். நான் பட்டுப் புடவை, கைப்பை. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவரை மட்டும் வாசலில் நிறுத்தி, "யாரைப் பார்க்கணும்?" என்றார்கள். படம் பார்க்க வருகிற இடத்தில் ஒரு மனிதன் படம் பார்க்க வந்திருப்பான் என்று தோன்றவே இல்லை. அவர் வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். அக்காவுக்கு முழங்கால் வலி. வாசலில் ஏழு படி, கைப்பிடி கிடையாது. உள்ளே நாலு அறை, ஒரு நாற்காலி இல்லை. மூன்றாவது அறையில் அக்கா சுவரில் சாய்ந்தார், "சுவரைத் தொடாதீங்க" என்றார்கள்.

சுவரில் விளக்கம் எல்லாம் ஆங்கிலம். ஒரே ஒரு பலகை தமிழில். அதில் "இருப்பின் விளிம்புகளை விசாரணைக்கு உட்படுத்தும் இடையீட்டு வெளி" என்கிற தினுசில் எழுதியிருந்தது. இத்தனை வருஷம் தமிழ் நடத்தியவள் நான், எனக்கே எழுவாய் எது பயனிலை எது என்று பிடிபடவில்லை. அந்தப் படத்தில் இருந்தது வறண்ட ஒரு கிணறு. "எங்கள் ஊரில் தண்ணீர் போய்விட்டது" என்று எழுதியிருந்தால் புளியமரத்தடிப் பெரியவர் அரை மணி நேரம் பேசியிருப்பார்.

"நவீன ஓவியம் எல்லாருக்கும் புரியாது டீச்சர்" என்று சொல்வீர்கள். புரியாமல் போகட்டுமே! புரியாத ஒன்றின் முன்னால் நின்று திகைக்கவும் எல்லாருக்கும் உரிமை உண்டு. கலை எவ்வளவு வேண்டுமானாலும் கடினமாக இருக்கட்டும். படிக்கட்டு எதற்குக் கடினமாக இருக்க வேண்டும்?

அப்படி ஒன்றும் புரியாததும் இல்லை. நம் மலைச்சரக்கு இறங்கிப் போகிற கொச்சியில், மிளகும் தேயிலையும் வியாபாரம் செய்த ஆஸ்பின்வால் கம்பெனியின் பழைய கட்டடத்தில் 2012 முதல் பியனாலே நடக்கிறது. 2016இல் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சுரீத்தா அங்கே ஒரு பெரிய கிடங்கில் கடல் நீரை நிரப்பினார். பார்க்க வந்தவர்கள் அந்தத் தண்ணீருக்குள் நடந்துதான் கவிதையைப் படித்தார்கள். துருக்கிக் கரையில் ஒதுங்கிய சிரியக் குழந்தை ஆலன் குர்தியின் படம் 2015இல் உலகம் முழுக்க வந்தது, நினைவிருக்கும். அவனோடு மூழ்கிய அண்ணன் காலிப்பைப் படம் எடுக்க யாரும் இல்லை. அந்தக் காலிப்புக்காகத்தான் அது. காலில் தண்ணீர் ஏறும்போது இது புரிய எந்தப் பட்டப் படிப்பு வேண்டும்?

சரி, செலவு. பொறியாளர் பிள்ளைகள் கணக்குப் போடுங்கள். சாய்தளத்துக்கு 1க்கு 12 என்பது பொது அளவு. மூன்று படி, 45 செ.மீ. உயரம் என்றால் 5.4 மீட்டர் நீளம். ஒரு லாரி நிற்கிற இடம். "மலைப் பிரதேசம், சரிவு" என்று நம் மாவட்டத்தில் ஒரு சாக்கு உண்டு. தேயிலை மூட்டை ஏற்றும் லாரிக்கு எந்தக் கொம்பு மலைக்கும் பாதை போட்டவர்கள் நாம்! சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மணல்மேல் மரப்பாதை போட்டார்கள். சக்கர நாற்காலியில் இருந்தவர்கள் பலர் அன்றுதான் கடலுக்குக் கிட்டே போனார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் பாதை உடைந்தது. கடலில் போட்டால் உடையத்தான் செய்யும் என்று விட்டுவிடவில்லை, சரி செய்தார்கள்.

இது யாரும் போடும் பிச்சையும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 29, கலையை அவர்களுக்கு எட்டும்படி செய்ய வேண்டும் என்கிறது. பொதுக் கட்டடம் என்றால் மக்கள் வந்துபோகும் தனியார் கட்டடமும் அடக்கம். விதிகள் 2017 ஜூனில் வந்தன. பழைய கட்டடங்களைச் சரி செய்யக் கொடுத்த கெடு ஐந்து வருஷம். 2022லேயே முடிந்துவிட்டது. வீட்டுப்பாடம் எழுதாத பையன் ஒவ்வொரு நாளும் "நாளைக்கு டீச்சர்" என்பானே, அந்தக் கதைதான்.

பார்வை இல்லாத என் மாணவன் ஒருவன் கேட்டான், "எனக்கு அங்க என்ன இருக்கு டீச்சர்?" என்று. டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் தொட்டுப் பார்க்கவே பிரதிகள் செய்து 'அனுபவ்' என்று ஒரு பகுதி 2015இல் வைத்தார்கள். பழைய வெண்கலச் சிலையில் கை பட்டால் வியர்வையில் கெடும், அதனால் பிரதி. நியாயம். ஆனால் இன்றைய கலையில் அந்தக் கவலை பாதி இல்லை. செய்தவர் உயிரோடு இருக்கிறார், பக்கத்து ஊரில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். "தொடுவதற்கு ஒரு சின்னத் துண்டு செய்து கொடுங்கள்" என்று கேட்டால் போதும். யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று. அந்தக் கூடங்களில் நம் பாஷை பேசுகிற ஆட்கள் செக்யூரிட்டியும் பெருக்குகிற அம்மாவும்தான். நாள் முழுக்கப் படங்களோடு இருப்பது அவர்கள். எந்தப் படம் எதைப் பற்றி என்று ஓவியரே ஒரு காலையில் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும், சம்பளத்தையும் கொஞ்சம் கூட்டட்டும். "தொடாதீங்க" என்ற வாய் "இது கிணறும்மா" என்று சொல்லும். அவர்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். துணிக்கடைப் பெண்களுக்கு உட்காரும் உரிமையை 2021இல் சட்டமாக்கிய மாநிலம் இது.

சென்னை, கோவை, கொச்சி, பெங்களூரு என்று இருக்கிறீர்கள். அடுத்த முறை போனால் வருகைப் புத்தகத்தில் "அருமை" என்று மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். வாசலில் எத்தனை படி, உள்ளே எத்தனை நாற்காலி, உள்ளூர் மொழியில் எத்தனை பலகை, சக்கர நாற்காலி நுழைகிற கழிப்பறை உண்டா என்று எண்ணி, தேதி போட்டு எழுதுங்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கும் அனுப்புங்கள். நான் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன்.