செடிக்கு ஆகாத நிகோடின் வாய்க்கு ஆகுமா?

கரிசல் விவசாயிக்கு நிகோடின் என்ற பெயர் புதிதாக இருக்கலாம். அதன் வேலை புதிதல்ல. அரை கிலோ புகையிலைக் கழிவை நாலரை லிட்டர் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, 120 கிராம் பார் சோப்பைக் கரைத்துச் சேர்த்து, ஆறேழு மடங்கு தண்ணீர் கலந்து தெளித்தால் அசுவினி சாகிறது. கொல்வது நிகோடின்தான். அதிலிருந்து தயாரான நிகோடின் சல்பேட் என்ற பூச்சிமருந்தை உள்நாட்டில் பயன்படுத்த மத்திய அரசு 1992-இல் தடை விதித்தது.

அதே நிகோடினைப் பழவாசனையும் இனிப்பும் கலந்த திரவத்தில் கரைத்து, பாட்டரியால் சூடாக்கி ஆவியாக உறிஞ்ச வைப்பதுதான் மின்சிகரெட். பார்வைக்குப் பேனா போல இருக்கும். தீப்பெட்டிக்குப் பேர்போன கோவில்பட்டியில் தீக்குச்சி வேண்டாத சிகரெட் என்றால் சிரிப்புத்தான் வரும். ஆனால் விஷயம் சிரிக்கக்கூடியதல்ல. புகையும் தாரும் இல்லை என்பது உண்மை. அடிமைப்படுத்தும் நிகோடின் அதில் இருக்கிறது. வளரும் பிள்ளைகளின் மூளையை அது பாதிக்கும்.

தமிழக அரசு 2018-லேயே இதைத் தடை செய்தது. 2019 செப்டம்பர் 18-இல் மத்திய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து, அந்த ஆண்டு டிசம்பரில் நிரந்தரச் சட்டமாக்கியது. தயாரித்தாலோ விற்றாலோ முதல் தடவை ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இருப்பு வைத்தாலும் குற்றமே.

பிரிட்டனில் இதைத் தடுக்கவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே சிகரெட்டை விட நினைப்பவர் இதற்கு மாறலாம் என மருத்துவத் துறையே சொல்கிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகையை மட்டும் 2025 ஜூனில் தடை செய்தார்கள். இங்கே கதை வேறு. பீடிக் கட்டு வாங்கும் கூலிக்காரர் நூற்றுக்கணக்கில் செலவழித்து இதை வாங்கப் போவதில்லை. வாங்குவது கல்லூரிக்குப் போகும் பிள்ளைதான். 2016-17 தேசியக் கணக்கெடுப்பில் இதைப் பயன்படுத்தியோர் நூற்றுக்கு 0.02 பேர். களையைப் பூத்து விதை சிந்துமுன் பிடுங்குவதே முறை, தடை சரியானதே.

ஆனால் அதே கணக்கெடுப்பு, வயதுவந்தோரில் நூற்றுக்கு 28.6 பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை உபயோகிப்பதாகக் காட்டுகிறது. இளங்களையைப் பிடுங்கிய அரசு, வேரோடிய அருகை விட்டுவிட்டது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடத்தில் புகைப்பதையும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பதையும் தடுக்கிறது. பெட்டிக்கடைகளில் அது எந்த அளவுக்கு நடக்கிறது என்பது ஊருக்கே தெரியும். பீடி சுற்றும் பெண்களுக்கும் வேடசந்தூர், வேதாரண்யம் பக்கத்துப் புகையிலை விவசாயிகளுக்கும் மாற்று வருமானம் காட்டாமல் இதில் கை வைக்கவும் முடியாது. அந்த வேலையை யாரும் முழுமூச்சாகத் தொடங்கியதாகத் தெரியவில்லை.

அதுவரை தெளிப்பு வேலையிலாவது விவசாயப் பெருமக்கள் கவனமாக இருக்க வேண்டும். பருத்திக்கு மருந்தடித்த கையோடு வரப்பில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தால், விரலில் ஒட்டிய மருந்து நேரே வாய்க்குள் போகிறது. சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவாமல் பீடியையோ வெற்றிலையையோ தொடக்கூடாது. கூலியாளுக்குத் தண்ணீரும் சோப்பும் வைப்பது காட்டுக்காரர் பொறுப்பு. புகையிலைக் கஷாயம் தயாரிக்கும்போதும் வெறுங்கையால் பிழியக்கூடாது. நிகோடின் தோல் வழியே உள்ளே இறங்கித் தலைசுற்றலும் வாந்தியும் வரும்.

பழக்கத்தை விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் ஆலோசனை பெறலாம்.