மீன் சொல்லும் இரண்டு செய்திகள்

சென்ற ஆடி மாதத்தில் ஓர் இரவு, 11 வயதுச் சிறுமி ஒருத்தியை எங்கள் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். ஓயாத வாந்தி, வறண்ட நாக்கு, வேகமான ஆழ்ந்த மூச்சு. முதல் வகை நீரிழிவுக்காக இரண்டு ஆண்டுகளாக எங்களிடம் வந்துகொண்டிருந்தவள்தான். உடலில் இன்சுலின் குறைந்து, இரத்தத்தில் அமிலம் சேர்ந்திருந்தது. மூன்று நாள் தீவிர சிகிச்சைக்குப் பின்னரே எழுந்து உட்கார்ந்தாள். (குடும்பத்தாரின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

தந்தை அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைத் தொழிலாளி. பத்து நாள்களாக மகளின் ஊசி அளவைப் பாதியாகக் குறைத்து வந்ததை அவரே ஒப்புக்கொண்டார். கைப்பேசியில் வந்த ஒரு காணொளிதான் காரணம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்தபின்பும் ஒரு மீனுக்கு அவை மீண்டும் வளர்ந்துவிட்டன என்றது காணொளி. அதன் முடிவில் ஒரு பொடியும் விற்பனைக்கு இருந்தது.

"ஏனுங்க டாக்டரம்மா, மீனுக்கே திரும்ப மொளைக்குதாமா, எம்புள்ளைக்கு மொளைக்காதுங்களா?" என்று கேட்டார். சற்று நேரம் கழித்து, "இந்தச் சாயத்தண்ணியாலதான் இதெல்லாம் வருதுங்களா?" என்றும் கேட்டார். இரண்டு கேள்விகளுக்கும் மீனிடமிருந்தே விடை சொல்லலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த மீன் செய்தி பொய்யன்று. அது விரல் நீளம்கூட இல்லாத வரிக்குதிரை மீன். வண்ணமீன் கடைகளில் ஜீப்ரா டானியோ என்ற பெயரில் கிடைக்கும். கங்கைச் சமவெளியின் ஓடைகளுக்கும் வயல்நீருக்கும் உரிய நம் நாட்டு மீன்தான். 1822இல் இதை முதன்முதலில் நூலில் விவரித்த பிரான்சிஸ் ஹாமில்டனும் ஒரு மருத்துவரே. இன்று ஐதராபாத், தில்லி உட்பட உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களில் இது வளர்க்கப்படுகிறது. மனித மரபணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு இந்த மீனில் இணையான மரபணு உண்டு என்று 2013இல் கண்டறிந்தார்கள். கணையம், தைராய்டு, பிட்யூட்டரி, கல்லீரல், கொழுப்புத் திசு எல்லாம் இதற்கும் உண்டு. இதன் குஞ்சு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடல் கொண்டது. ஆகவே கத்தி படாமலே, உயிரோடு இருக்கும்போதே, அதன் கணையச் செல்களை நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம். நீரில் மருந்தைக் கரைத்தால் குஞ்சு அதைத் தானே உறிஞ்சிக்கொள்ளும்.

ஹார்மோன் மருத்துவம் மீனுக்குப் பட்ட கடன் இதைவிடப் பழையது. நமக்குக் கணையத்தின் செரிமானப் பகுதியும் இன்சுலின் சுரக்கும் திட்டுகளும் ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன. சில மீன்களில் அத்திட்டுகள் மட்டும் தனி உருண்டையாக அமைந்திருக்கும். இன்சுலின் கண்டுபிடிப்புக்கு மறு ஆண்டான 1922இலேயே மக்லியாட் கனடாவின் கடற்கரைக்குச் சென்று, அத்தகைய மீன்களின் உருண்டைகளிலிருந்து இன்சுலின் எடுத்து, அது எங்கிருந்து சுரக்கிறது என்பதை உறுதிசெய்தார்.

அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1982இல், பாஸ்டன் நகரில் ஜோயல் ஹேபனரின் குழு அதே காரணத்துக்காக ஒரு கடல்மீனை எடுத்துக்கொண்டது. தலையிலிருந்து நீளும் தூண்டில் போன்ற உறுப்பை ஆட்டி இரை பிடிக்கும் மீன் அது. அதன் குளுக்ககான் மரபணுவை ஆராய்ந்தபோது, அதே மரபணுவில் குளுக்ககானை ஒத்த இன்னொரு ஹார்மோனும் மறைந்திருந்தது தெரிந்தது. அடுத்த ஆண்டுகளில் பாலூட்டிகளிலும் மனிதரிலும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் அடையாளம் காணப்பட்டது. "எடையும் சர்க்கரையும் ஒருங்கே குறைக்கும் புது ஊசி" என்று நீங்கள் இன்று என் அறையில் கேட்கும் லிராகுளுடைட், செமாகுளுடைட் ஆகியவை அந்த வழியில் வந்தவை. ஆயினும் ஆண்டுக்கணக்கைப் பாருங்கள். மீனில் கண்டது 1982இல். இந்த வகையின் முதல் மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது 2005இல். இடையில் 23 ஆண்டுகள்.

சிறுமியின் தந்தை அந்த 23 ஆண்டுகளை ஒரே இரவில் தாண்டப் பார்த்தார். அவரை நான் கடிந்துகொள்ளவில்லை. பிள்ளைக்கு நாள்தோறும் நான்கு முறை ஊசி போடும் எவருக்கும் அப்படித் தாண்டத் தோன்றும். பொடி விற்றவரைத்தான் கடிந்துகொள்ள வேண்டும்.

அந்தத் தாவல் எங்கே பிழைத்தது? ஆய்வுக்கூடத்தில் மீனின் செல்களை ஒரு வேதிப்பொருளால் ஒருமுறை அழிக்கிறார்கள். பிறகு அழிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே அவை மீண்டும் வளர்கின்றன. முதல் வகை நீரிழிவில் நம் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே அந்தச் செல்களைத் தாக்குகிறது; அந்தத் தாக்குதல் நிற்பதில்லை. புதிதாக ஒரு செல் முளைத்தாலும் அதையும் தாக்கும். ஆனை புகுந்த வயலில் ஆனையை விரட்டாமல் நாற்று நடுவதைப் போன்றது அது.

இன்னொரு மீனையும் சொல்ல வேண்டும். மெக்சிகோவின் இருட்குகைகளில் வாழும் கண்ணற்ற மீன்களுக்கு இன்சுலின் சரிவர வேலை செய்வதில்லை என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு கூறிற்று. அவற்றின் இன்சுலின் ஏற்பியில் ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது. மனிதரில் அதே மாற்றம் குழந்தைப் பருவத்திலேயே கடுமையான நோயைத் தரும். அந்த மீனோ உயர்ந்த சர்க்கரையோடும் நலமாக நீண்டநாள் வாழ்கிறது! மீனுக்குப் பொருந்துவது நமக்கும் பொருந்தும் என்று எண்ணுவோர் இந்தக் குகைமீனை நினைவில் வைக்கலாம்.

ஆகவே மீனிடமிருந்து நற்செய்தி வந்தால் காத்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. எச்சரிக்கை வந்தால் அவ்வாறு காத்திருக்கக் கூடாது என்பதும் என் கருத்தே. தந்தையின் இரண்டாம் கேள்வி இங்கேதான் வருகிறது.

அவருக்கு நேர்மையாகச் சொன்னேன்: உங்கள் மகளின் நோய்க்குச் சாயத்தண்ணீர் காரணம் என்று சொல்ல எனக்கு எந்தச் சான்றும் இல்லை. தைராய்டு குறைவோடு வரும் பெண்மணிகளும் இதையே கேட்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர்க்கும் சொந்த எதிர்ப்பு ஆற்றலே சுரப்பியைத் தாக்குவதுதான் காரணம். ஆனால் நீரில் கலக்கும் வேதிப்பொருள்கள் ஹார்மோனைக் குலைக்குமா என்ற கேள்வி வீண் கேள்வியன்று. அதற்கு விடை சொன்னவையும் மீன்களே.

முட்டையின் மஞ்சட்கருவுக்கான புரதத்தைப் பெண்மீனின் கல்லீரல் உண்டாக்கும். ஆண்மீனுக்கு அந்த வேலை இல்லை. பிரிட்டனில் கழிவுநீர் நிலையங்களின் வெளியேற்றக் குழாய்களுக்கு அருகே கூண்டில் விடப்பட்ட ஆண்மீன்களின் இரத்தத்திலும் அப்புரதம் மிகுந்திருந்ததை 1990களின் தொடக்கத்தில் கண்டார்கள். பிறகு கனடாவில் ஒரு சிற்றேரியில் 2001 முதல் மூன்று ஆண்டு கருத்தடை மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜனைக் கலந்து பார்த்தார்கள். லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த அளவுக்கே ஒரு சிறுமீன் இனம் அந்த ஏரியில் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில் மீண்டும் பெருகியது.

நம் ஊருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். துணியை அலசவும் சாயம் ஏற்றவும் பயன்பட்டுவந்த சில சலவைப் பொருள்கள் நீரில் சிதைந்து நோனைல்பீனால் என்ற பொருளாகின்றன. அது மீனில் ஈஸ்ட்ரோஜனைப் போல் செயல்படுவது 1990களிலேயே தெரிந்துவிட்டது. 2021 பிப்ரவரி முதல், துவைக்கத்தக்க துணிகளில் அந்தச் சலவைப் பொருள் 0.01 விழுக்காட்டுக்கு மிகாதிருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்துள்ளது. ஏற்றுமதியாளர்கள் அந்த விதியை நன்கு அறிவார்கள். ஐரோப்பாவில் துவைக்கும் நீரில் சேரக் கூடாதது, இங்கே சாயமேற்றும் நீரிலும் சேரக் கூடாதுதானே?

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னபின், கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடியும் பயன்படுத்தும் முறைக்குத் திருப்பூர் பெரும் பொருட்செலவில் மாறியது. அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் நீரின் தரம் என்றால் உப்பும் நிறமும் மட்டுமே என்ற பேச்சோடு நாம் நின்றுவிடக் கூடாது. நொய்யலிலும் குளங்களிலும் வாழும் ஆண்மீன்களின் இரத்தத்தில் அந்த மஞ்சட்கருப் புரதம் இருக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்த்து, முடிவை மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும். நானோகிராம் அளவை நம் நாக்கும் கண்ணும் அறியா. மீனின் கல்லீரல் அறியும்.

சிறுமி இப்போது பள்ளிக்குச் செல்கிறாள். நான்கு வேளை ஊசியும் தவறுவதில்லை. காய்ச்சல், வாந்தி வந்த நாளிலும் இன்சுலினை நிறுத்தாமல் எங்களை உடனே அழைக்க வேண்டும் என்பதைத் தந்தை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாராம். புதிய காணொளி வந்தால் கைப்பேசியோடு என் அறைக்கு வந்துவிடுகிறார், சேர்ந்தே பார்க்கிறோம். நீங்களும் வரலாம்.