மதிப்பெண்ணைப் பழிக்குமுன்...

மும்பை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் சரியாகப் படிப்பதில்லை என்கிறார்கள். யார் அந்தப் பிள்ளைகள்? தாராவியின் ஒற்றை அறை வீடுகளில் வாழும் கூலித் தொழிலாளரின் மக்கள். வசதி வந்தவர்கள் ஆங்கிலப் பள்ளிக்குப் போய்விட்டனர். தமிழ் வாழ்க என முழங்கும் நம்மிலும் பலர் அப்படித்தான்!

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள். ஐந்து வகுப்புக்கு இருவர்! பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் குறைவர்; ஆசிரியர் குறைந்தால் படிப்பு கெடும்; படிப்பு கெட்டால் பிள்ளைகள் மேலும் குறைவர்.

தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற மொழிச் சிறுபான்மையினருக்கு வசதி செய்யச் சொல்கிறது, 1956இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த 350-ஏ பிரிவு. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கேட்போம். கேட்கும் தகுதி வர, முதலில் நம் பிள்ளைகளை அங்கே சேர்ப்போம்!